ஆயாஸா, உபியேராஸா? முதல் வினையைப் பாருங்கள்

'நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என நம்புகிறேன்' என்பதற்கு ஸ்பானிஷ் மொழியில் 'எஸ்பெரோ கே ஆஸ் யெகாதோ பியென்' என்று எழுதியதும் தவறு, 'உபியேராஸ்' என்று திருத்தியதும் தவறு என்றார்கள், ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

'எஸ்பெரோ கே' ('...என நம்புகிறேன்') வந்தாலே பின்னால் சப்ஜங்க்டிவ் (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வினைவடிவம்) வேண்டும். அதனால் 'ஆஸ்' நிற்காது. அடுத்து முதல் வினையின் காலத்தைப் பாருங்கள். 'எஸ்பெரோ' நிகழ்காலம், பயணம் முடிந்த செயல். ஆகவே 'எஸ்பெரோ கே ஆயாஸ் யெகாதோ பியென்'. முதல் வினை இறந்தகாலமாகி, பயணம் அதற்கும் முன்பே முடிந்திருந்தால்தான் 'எஸ்பெராபா கே உபியேராஸ் யெகாதோ பியென்'.

மாறுவது 'ஆயாஸ்', 'உபியேராஸ்' என்ற துணைவினை மட்டும். பயணம் போனவர் பெண்ணானாலும் 'யெகாதோ'தான், 'யெகாதா' ஆகாது. 'ஆயாஸ்', 'யெகாதோ' இரண்டுக்கும் நடுவே 'பியென்' போன்ற சொல்லையும் நுழைக்காதீர்கள்.

பலரும் சறுக்கும் இடம் 'சி', அதாவது நம் 'வந்தால்' என்பதில் வரும் '-ஆல்'. 'நீ வந்திருந்தால்' என்பது 'சி உபியேராஸ் வெனிதோ'. 'சி ஆயாஸ்' வரவே வராது. தமிழிலும் 'வந்து' அப்படியே நிற்க, 'இருந்தால்' தானே மாறுகிறது? அந்த 'இரு'வின் இடத்தில் 'ஆயாஸ்', 'உபியேராஸ்' இரண்டுக்கும் மூலமான 'அபேர்' என்ற வினையை வைத்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும்.

'ஆசெர்' (செய்) வினைக்கு 'எச்சோ', 'வேர்' (பார்) வினைக்கு 'விஸ்தோ' போன்ற, 'யெகாதோ' மாதிரி ஒழுங்காக அமையாத வடிவங்களை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.