டர்போ ஏன் கெட்டது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் இருப்பது 20 ஆண்டுகள் ஓடிய, 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் கொண்ட ஹாட் ஹேட்ச், அதாவது வேகத்துக்கென அமைத்த சிறிய ஹேட்ச்பேக் கார். சில வாரங்களாக, வேகமெடுக்கும்போது சைரன் ஊதுவதுபோல் ஒரு சத்தம் எழுகிறது. சிக்னலில் சற்று நின்றுவிட்டுப் புறப்பட்டால் பின்னால் நீலப் புகை கிளம்புகிறது; எஞ்சின் ஆயிலும் குறைகிறது. காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், டர்போவின் தண்டு ஆடுகிறது, கம்ப்ரசர் சக்கரத்தின் ஓரம் தேய்ந்துவிட்டது என்று சொல்லி, முழு டர்போவையும் புதிதாக மாற்றச் சொல்கிறார். நண்பரோ, ரிப்பேர் கிட் வாங்கி வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்துவிடலாம் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: இருவரும் சொல்வது டர்போவை எப்படி மாற்றுவது என்பதைத்தான். அது ஏன் கெட்டது என்பதை இருவருமே கேட்கவில்லை. அதற்கு விடை தெரியாமல் புதியதை மாட்டினாலும், பழையதைச் சரிசெய்து மாட்டினாலும், சில மாதங்களில் இதே சைரன் சத்தம் மீண்டும் கேட்கக்கூடும்.

டர்போவின் ஒரு முனையில் புகை வாயு சுழற்றும் டர்பைன் சக்கரம், மறு முனையில் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் கம்ப்ரசர் சக்கரம், இரண்டையும் இணைக்கும் விரல் பருமன்கூட இல்லாத ஒரு தண்டு. பெட்ரோல் எஞ்சினில் டர்பைன் பக்கத்து வாயுவின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். தண்டோ நிமிடத்துக்கு 1.5 லட்சம் முறைக்கு மேல் சுழல்கிறது. உங்கள் கார் போன்ற பழைய கார்களில் பெரும்பாலும் அந்தத் தண்டைத் தாங்குவது குண்டு பேரிங் அல்ல. புஷ் போன்ற எளிய பேரிங்கும், அதற்கும் தண்டுக்கும் இடையே அழுத்தத்துடன் வந்து நிற்கும் மெல்லிய ஆயில் படலமும்தான். ஆயில் குறைந்தாலோ, அழுக்கானாலோ, கருகினாலோ அந்தப் படலம் அறுந்து உலோகம் உலோகத்தை உரசத் தொடங்கிவிடும். ஆகவே, டர்போ கெட்டது என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது ஆயிலைப் பற்றித்தான்.

தண்டு ஆடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ஆயில் வடிந்த நிலையில் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் சிறிது ஆடுவது இயல்பு. படலத்துக்காக விடப்பட்ட இடைவெளி அது. ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துச் சுழற்றும்போது சக்கரத்தின் இறக்கைகள் அதைச் சுற்றியுள்ள உலோகக் கூட்டைத் தொட்டால்தான் பேரிங் போய்விட்டது என்று பொருள். தண்டை முன்னும் பின்னும் இழுக்கும்போது மட்டும் விரலுக்கு ஆட்டமே தெரியக்கூடாது. அங்கே அனுமதிக்கப்படுவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். காற்று நுழையும் முன் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் சிறு சிறு பள்ளங்கள் தட்டுப்படுமானால், கிழிந்த ஏர் ஃபில்டர் வழியே மண்ணோ வேறு ஏதோ பொருளோ உள்ளே போயிருக்கிறது. இறக்கைகளின் வெளி ஓரம் மட்டும் பளபளவென்று வழுவழுத்துப் போய், கூட்டின் உட்சுவரிலும் அதே வட்டத்தில் கீறல் இருந்தால், பேரிங் தளர்ந்து சக்கரம் கூட்டில் உரசியிருக்கிறது. நீங்கள் சொல்லும் சைரன் சத்தமும் நீலப் புகையும் இந்த இரண்டாவதைத்தான் சுட்டுகின்றன. டர்பைன் பக்கத்து இறக்கை உடைந்திருந்தால் விஷயம் வேறு: ஸ்பார்க் பிளக்கின் துண்டோ வால்வின் துண்டோ எஞ்சினிலிருந்து வந்து மோதியிருக்கலாம் என்பதால், டர்போவை விட்டுவிட்டு முதலில் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்ய வேண்டும்.

இனி ஆயில் வரும் வழியைத் தேடுவோம். எஞ்சினிலிருந்து டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் மெல்லிய இரும்புக் குழாய், புகை வாயு வெளிவரும் சூடான மேனிஃபோல்டின் அருகிலேயே வளைந்து செல்கிறது. அப்படிப்பட்ட ஒரு பழைய குழாயை நான் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறேன். வெளியே பென்சில் பருமன். உள்ளே சுற்றிலும் கருகிய ஆயில் கரியாய் இறுகி, நடுவில் ஒரு குண்டூசி நுழையும் அளவுக்கே துளை மிஞ்சியிருந்தது. அது என் சொந்தக் காரின் குழாய். சரிசெய்த டர்போவை மாட்டியபோது அந்தக் குழாயைக் கழுவினால் போதும் என்று நினைத்து மீண்டும் பொருத்தினேன். கழுவியதில் இளகிய கரித்துகள்கள் புதிய பேரிங்குக்குள் போய், அது மூன்று மாதங்கள்கூடத் தாங்கவில்லை. குழாயைக் கழுவாதீர்கள், புதிதாக மாற்றுங்கள். அதன் முனையில் உள்ள துளையிட்ட போல்ட்டுக்குள் சிறு வலை வடிகட்டி இருந்தால் அதையும் மாற்றுங்கள். அதோடு எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பைக் கழற்றி, ஆயில் உறிஞ்சும் வலையில் கசடு படிந்திருக்கிறதா என்று பார்த்து, எஞ்சின் சூடான நிலையில் ஆயில் அழுத்தத்தைத் தனிக் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் எரியும் விளக்கை மட்டும் நம்ப முடியாது. அழுத்தம் மிகவும் இறங்கிய பிறகுதான் அது எரியும்.

ஆயில் திரும்பும் வழியும் இதே அளவு முக்கியம். டர்போவின் உள்ளே இருப்பவை ரப்பர் சீல்கள் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற சிறு உலோக வளையங்கள். ஆயில் தன் எடையாலேயே கீழே வடிந்துவிட வேண்டும் என்பதே அவற்றின் அடிப்படை. கீழ்க் குழாய் அடைபட்டாலோ, எஞ்சினின் உட்புற வாயுவை வெளியேற்றும் ப்ரீதர் அடைத்து உள்ளே அழுத்தம் ஏறினாலோ, எந்தக் குறையும் இல்லாத டர்போகூட ஆயிலைக் கக்கும். ப்ரீதர் வால்வு ஒன்றை மாற்றியிருந்தால் போதும் என்ற நிலையில் நல்ல டர்போக்கள் கழித்துக் கட்டப்படுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். உங்கள் காரில் சக்கரம் உரசியிருப்பதால் அப்படித் தப்பிக்க வழியில்லை. ஆனால் கீழ்க் குழாயையும் ப்ரீதரையும் சுத்தம் செய்யாமல் புதியதைப் பொருத்தக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிட் வாங்கி வீட்டில் பிரிப்பதை நான் ஏற்க மாட்டேன். பேரிங்கை மாற்றுவது கடினமில்லை. ஆனால் உரசிய சக்கரத்தின் எடைச் சமநிலை போயிருக்கும். லட்சக்கணக்கான சுற்றில் ஒரு கிராமின் மிகச் சிறு பின்னம்கூடப் புதிய பேரிங்கை அடித்து நொறுக்கிவிடும் என்பதால், தண்டையும் சக்கரங்களையும் அதற்கென உள்ள இயந்திரத்தில் சமன்செய்தே ஆக வேண்டும். அதே நேரத்தில் முழு டர்போவும் தேவையில்லாமல் போகலாம். தண்டு, சக்கரங்கள், பேரிங் எல்லாம் சேர்த்துச் சமன்செய்து விற்கப்படும் நடுப்பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். உங்கள் பழைய கூடுகள் நன்றாக இருந்தால் அதை மட்டும் மாற்றலாம். கம்ப்ரசர் கூட்டில் விழுந்திருக்கும் உரசல் விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தால் அந்தக் கூடு ஆகாது. டர்பைன் கூட்டில், மிகுதியான புகை வாயுவை டர்பைனுக்குள் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவு அமரும் இடத்தில் மயிரிழை விரிசல்கள் பழைய கார்களில் சாதாரணம். ஆனால் விரிசல் வெளிச்சுவர்வரை ஊடுருவியிருந்தால் கார்ட்ரிட்ஜ் யோசனையைக் கைவிட்டு முழு டர்போவையே வாங்குங்கள்.

பொருத்தும்போது ஆயில் குழாயின் கேஸ்கெட்டில் சிலிக்கான் பசை தடவ விடாதீர்கள். பிதுங்கும் துளி ஆயில் துளையை அடைத்துவிடும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றி, தேங்கிய ஆயிலையும் அலுமினியத் துகள்களையும் கழுவி வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அவை நேராக எஞ்சினுக்குள் போகும். புதிய ஆயில், புதிய ஆயில் ஃபில்டர். மேல் துளையில் சிறிது சுத்தமான ஆயிலை ஊற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டு, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்த நிலையில், ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரை இடையிடையே நிறுத்தி நிறுத்திச் சுழலவிடுங்கள். அதன் பிறகே எஞ்சினைக் கிளப்பிச் சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிட வேண்டும். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடக்கூடாது.

கேள்வி: வேகமாக ஓட்டிவந்து உடனே எஞ்சினை அணைத்தால் டர்போ கெடும் என்கிறார்கள். தண்ணீரால் குளிர்விக்கப்படும் டர்போவுக்கும் இது பொருந்துமா?

பதில்: ஆயிலால் மட்டும் குளிர்விக்கப்பட்ட பழைய டர்போக்களில் இது உண்மையான ஆபத்து. எஞ்சின் நின்றதும் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். டர்பைன் கூட்டின் வெப்பமோ பேரிங்கை நோக்கி ஏறும். அங்கே தேங்கிய ஆயில் கருகிக் கரியாகும். தண்ணீர் வழி கொண்டவற்றில், எஞ்சின் நின்ற பிறகும் சூடான நீர் மேலெழுந்து தானாகவே சுற்றி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 1985-இல் வந்த ரெனோ 5 ஜிடி டர்போவுக்கே 1987-இல் செய்த மாற்றத்தின்போதுதான் தண்ணீரால் குளிரும் டர்போ கிடைத்தது. எந்த வகையானாலும், கடைசி ஓரிரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டிவந்தால் போதும். அப்படி முடியாதபோது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

கேள்வி: டர்போவைச் சரிசெய்து மாட்டிய பிறகும் காரில் பழைய இழுவை இல்லை. வேஸ்ட்கேட் கம்பியின் நீளத்தைக் குறைத்தால் அழுத்தம் கூடும் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். கம்பியைக் குறைத்தால் வேஸ்ட்கேட் தாமதமாகத் திறந்து அழுத்தம் ஏறும் என்பது சரிதான். ஆனால் உங்கள் குறை வேறெங்கோ இருக்கும்போது அது டர்போவைத் தேவைக்கு மேல் சுழலவைக்கும். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய்களைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். மேலே முழுசாகத் தெரியும் குழாய், கிளிப்பின் அடியில் பிளந்திருக்கும். டர்போவில் காற்று நுழையும் வாயை மூடிக் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றி, சோப்பு நீரைத் தடவினால் ஒழுகும் இடத்தில் குமிழி எழும். ஆக்சிலரேட்டரை விடும்போது மிகுதி அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவை இரண்டும் சரியாக இருந்தால், வேஸ்ட்கேட் முழுதாக மூடுகிறதா என்று சோதிக்க வேண்டும். அதிலும் குறை இல்லையென்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பழைய டர்போ கக்கிய ஆயில் அதன் தேன்கூடு போன்ற துளைகளை அடைத்திருக்கக்கூடும்.