முதலில் ஒரு முழுத் திரைக்கதை: வாசகர் கேள்வி பதில்

*திரைப்பட இயக்கம், திரைக்கதை எழுத்து ஆகியவற்றைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் வாசகர்களின் கடிதங்களில் நான்கு இவ்விதழில் இடம்பெறுகின்றன.*

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. என் சிறுகதைகள் சில இதழ்களில் வெளிவந்துள்ளன. திரைக்கதை எழுதிக் காட்டினால், படிப்பவர்கள் "இது இன்னும் கதையாகத்தான் இருக்கிறது" என்கிறார்கள். நான் எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: 'அவள் பதினைந்து ஆண்டுகளாகக் கணவனை மன்னிக்கவில்லை' என்று சிறுகதையில் ஒரு வரி எழுதிவிட்டு நீங்கள் மேலே போய்விடலாம். அந்த வரியைக் கேமராவால் படம்பிடிக்க முடியாது. கணவன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அவள் தட்டை வைத்துவிட்டு, அவன் எழுந்து போகும்வரை அடுக்களைக்குள்ளேயே நிற்கிறாள். விருந்தினர் வந்திருக்கும் நாளில் மட்டும் அருகில் நின்று சிரித்த முகத்தோடு பரிமாறுகிறாள். இப்படி எழுதினால் மன்னிப்பு என்ற சொல்லே தேவைப்படாது. உங்கள் கதையில் 'நினைத்தாள்', 'உணர்ந்தாள்', 'நினைவுக்கு வந்தது' என்று வரும் இடங்களையெல்லாம் சிவப்பு மையால் அடிக்கோடிடுங்கள். அந்த ஒவ்வோர் இடத்திலும் அவள் என்ன செய்கிறாள், அதை யார் பார்க்கிறார்கள் என்று எழுதிப் பார்ப்பதே உங்களுக்கு நான் தரும் முதல் பயிற்சி.

இரண்டாவது பயிற்சிக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். பூமணியின் 'வெக்கை' (1982) நாவலைப் படித்துவிட்டு, அதைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' (2019) படத்தைக் கையில் நோட்டுப் புத்தகத்தோடு, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாவல் கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவனின் பக்கத்திலேயே நடக்கிறது. படமோ தந்தையின் கதையாக மாறி, அவருடைய இளமைக்காலத்துக்குப் பெரிய இடத்தைக் கொடுக்கிறது. எந்தக் காட்சி நாவலில் உள்ளது, எது புதிதாகச் சேர்ந்தது, எது விடுபட்டது, ஏன் அப்படிச் செய்திருப்பார்கள் என்று காட்சிவாரியாக எழுதி முடிக்கும்போது, எந்த வகுப்பறையும் தராத ஒரு தெளிவு உங்களுக்குக் கிடைக்கும். இலக்கியத்திலிருந்து இன்னும் அதிகத் தொலைவு விலகிப்போன எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யையும் அதிலிருந்து பிறந்த மகேந்திரனின் 'உதிரிப்பூக்க'ளையும் (1979) எடுத்துக்கொள்ளுங்கள். சிறுகதைகளைத் தொலைக்காட்சிக்காகப் பாலுமகேந்திரா எடுத்த 'கதை நேரம்' தொடரைச் சிறுகதை எழுதும் ஒருவர் பார்க்காமல் இருப்பது பெரிய இழப்பு என்பேன்.

அதன்பிறகு உங்கள் கதைக்கு 'ஒன் லைன்' எழுதுங்கள், அதாவது ஒரு காட்சிக்கு ஒரு வரி வீதம் முழுப் படத்தையும் வரிசைப்படுத்துங்கள். வசனம் எழுதும் ஆசையை அதுவரை அடக்கி வையுங்கள். இரண்டரை மணி நேரப் படத்துக்கு என் அனுபவத்தில் அறுபது முதல் தொண்ணூறு வரிகள் வரும். அந்தப் பட்டியலில் ஒரு வரியை நீக்கினாலும் அடுத்த வரி தடுமாறாமல் நிற்கிறது என்றால், நீக்கிய காட்சி தேவையற்றது. தாளை நடுவில் பிரித்து இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமும் எழுதுவதா, கணினி மென்பொருளில் எழுதுவதா என்பதெல்லாம் பின்னால் வரும் சிறிய விஷயங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26. பொறியியல் படித்து, கோவையில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இயக்குநராக வேண்டும் என்பது என் கனவு. வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து உதவி இயக்குநராகச் சேர்வதா, திரைப்படக் கல்லூரியில் படிப்பதா, குறும்படம் எடுப்பதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: வேலையை இப்போது விடாதீர்கள். உதவி இயக்குநருக்குத் தொடக்கத்தில் மாதச் சம்பளம் என்று ஒன்று உறுதியாகக் கிடைப்பது அரிது. படப்பிடிப்பு நாட்களில் பேட்டாவும் (தினப்படி) சாப்பாடும் கிடைக்கும். கதை விவாதம் நடக்கும் மாதங்களிலும், ஒரு படம் முடிந்து அடுத்த படம் தொடங்கும் வரையிலும் உங்கள் கையிருப்பில்தான் வாழ வேண்டும். வடபழனியிலும் சாலிகிராமத்திலும் நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் அறையின் வாடகைக்காகத் திறமையுள்ள எத்தனையோ பேர் தங்களுக்குப் பிடிக்காத வேலைகளில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஓராண்டு வாடகைக்கும் உணவுக்குமான பணத்தைச் சேர்த்து வையுங்கள். அதைச் சேர்க்கும் காலத்திலேயே அதிகாலையிலோ இரவிலோ தினமும் ஒரு மணி நேரம் எழுதி, ஒரு முழுத் திரைக்கதையை முடித்துவிடுங்கள். பாதியில் நிற்கும் ஐந்து கதைகளோடு சென்னைக்கு வருபவரைவிட, முடித்த ஒன்றோடு வருபவரை இயக்குநர்கள் கவனிக்கிறார்கள்.

மூன்று வழிகளிலும் வென்றவர்கள் இருக்கிறார்கள். வெற்றிமாறன் பாலுமகேந்திராவிடம் உதவியாளராக இருந்து வந்தவர். பொறியியல் படித்த கார்த்திக் சுப்பராஜ், தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி வழியாக அறியப்பட்டு 2012இல் முதல் படம் எடுத்தார். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குறும்படம் எடுத்த லோகேஷ் கனகராஜின் முதல் முழுநீளப் படம் 2017இல் வெளியானது. பட்டம் பெற்றவர் என்பதால், புனேயில் உள்ள திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியின் இயக்கம் மற்றும் திரைக்கதைக்கான மூன்றாண்டு முதுநிலைப் படிப்புக்கும், கொல்கத்தாவில் உள்ள சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் நீங்கள் நுழைவுத் தேர்வு எழுதலாம். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் இருப்பது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பு. இதைப் படிக்கும் பள்ளி மாணவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், விடுமுறை நாட்களில் எட்டு நிமிடத்துக்கு மேல் போகாத இரண்டு குறும்படங்களை எடுப்பேன். செல்பேசிக் கேமரா போதும். ஆனால் ஒலிக்குத் தனி மைக் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். படம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். வசனம் கேட்கவில்லையென்றால் எழுந்து போய்விடுவார். பிறகு உதவி இயக்குநராகச் சேரும்போது காட்சி எண் எழுதிய 'கிளாப்' பலகை அடிப்பதையும், நடிகரின் சட்டையில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது என்று கன்டினியுட்டி (காட்சித் தொடர்ச்சி) குறிப்பதையும் தாழ்வான வேலைகளாக நினைக்காதீர்கள். எடிட்டிங் மேசையில் ஒரு காட்சி ஏன் ஒட்டவில்லை என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

கேள்வி: உதவி இயக்குநராக வேண்டும் என்கிறேன், பெண்ணுக்கு அங்கே பாதுகாப்பு இல்லை என்று வீட்டில் மறுக்கிறார்கள். என்ன சொல்வது?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை; அதை மறுத்து வாதாடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. திரைப்படத் தயாரிப்புக்கும் அது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தெளிவுபடுத்தியது. எனவே சேரும் முன்பே அந்தக் குழு உள்ளதா, வெளியூர்ப் படப்பிடிப்பில் தங்குமிடம் எது, இரவு வாகனம் யார் பொறுப்பு என்று கேளுங்கள். இக்கேள்விகளுக்கு எரிச்சலடையும் நிறுவனத்தில் சேராதீர்கள். அதே குழுவில் முன்பு வேலை செய்த பெண்ணிடம் உங்கள் அம்மாவைப் பேச வைப்பது, நான் சொல்லும் எதைவிடவும் பயன்படும்.

கேள்வி: ஒரு தயாரிப்பு அலுவலகத்தில் கதை சொல்ல அழைத்திருக்கிறார்கள். திருடிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கதையைக் காப்பது எப்படி?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, கருவை நீங்கள் விரித்து எழுதிய வடிவத்துக்கே உண்டு. உச்ச நீதிமன்றம் 1978லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'இறந்தவர் திரும்பி வருகிறார்' என்ற ஒற்றை வரியை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதற்கு நீங்கள் எழுதிய பாத்திரங்கள், திருப்பங்கள், காட்சி வரிசை, வசனம் ஆகியவை உங்களுடையவை. அதனால்தான் எழுதி முடிக்காத கதையைச் சொல்லப் போகாதீர்கள் என்கிறேன். எழுதாததைக் காக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது.

முழுத் திரைக்கதையைப் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையவழியே இலக்கியப் படைப்பாகப் பதிவு செய்யலாம். பதியாவிட்டாலும் உரிமை உண்டு. பதிவு, எப்போது எழுதினீர்கள் என்பதற்குச் சான்றாகும். திரைப்பட எழுத்தாளர் சங்க உறுப்பினரானால் அங்கும் பதியலாம். 2018இல் 'சர்கார்' படத்தின் கதை குறித்துச் சர்ச்சை எழுந்தபோது, 2007இல் சங்கத்தில் பதிவான ஒரு கதையை வைத்தே முறையீடு நடந்தது. முடிவில் அதை எழுதியவருக்குப் படத்தில் அங்கீகாரம் கிடைத்தது.

கதை பிடித்து அட்வான்ஸ் கொடுத்தால், பணத்தை வாங்கும் முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். உரிமையை மாற்றித் தருவது எழுத்திலும் கையெழுத்துடனும் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வேறு ஏற்பாடு எழுதப்படாத நிலையில், வாங்கியவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். இதை மாற்றும் வாசகங்கள் பல ஒப்பந்தங்களில் இருப்பதால் அந்தப் பத்தியை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். திரையில் பெயர் எப்படி வரும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கதை சொல்லும் நாளில் பத்து நிமிடச் சுருக்கத்தை வாய்விட்டுப் பழகிக்கொண்டு போங்கள்; கேட்டால் மட்டும் விரித்துச் சொல்லுங்கள். அன்று இரவே, 'இன்று உங்கள் அலுவலகத்தில் இந்தத் தலைப்பிலான கதையைச் சொன்னேன், சுருக்கம் இணைப்பில் உள்ளது, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி' என்று அவர்களின் அலுவலக முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.