சமநிலையில் இருக்கும் சதுரங்க ஆட்டம் ஒரே நகர்த்தலில் தோல்வியாவது எப்படி?

கிளிநொச்சியில் வலயமட்ட, மாகாணமட்டச் சதுரங்கப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பவன் நான். சமநிலையான ஆட்டம் பெரும்பாலும் குலைவது காய்களை மாற்றிக்கொள்ளும் (ஒருவர் ஒரு காயை வெட்ட, மற்றவர் பதிலுக்கு ஒரு காயை வெட்டும்) தருணத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து.

2024 டிசெம்பர் 12 அன்று சிங்கப்பூரில் இந்தியாவின் குகேஷும் அப்போதைய சாம்பியனான சீனாவின் டிங் லிரெனும் ஆடிய உலகச் சாம்பியன் போட்டியின் 14ஆவது, அதாவது கடைசி, ஆட்டத்தைவிட இதற்கு நல்ல உதாரணம் இல்லை. அதுவரை இருவரும் 6.5 புள்ளிகளுடன் சமமாக நின்றார்கள். வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங்கிடம் ஒரு கோட்டையும் (ரூக்) ஒரு மந்திரியும் (பிஷப்) ஒரு சிப்பாயும் எஞ்சியிருந்தன. குகேஷிடம் அவற்றோடு ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தது. கோட்டைகள் பலகையில் இருக்கும்வரை இது காப்பாற்றக்கூடிய நிலையே, ஏனென்றால் முன்னேறிவரும் ராஜாவுக்குத் தூரத்திலிருந்தே முற்றுகை (செக்) கொடுத்துக்கொண்டிருக்கக் கோட்டையால் முடியும்.

55ஆவது நகர்த்தலில் டிங் தன் கோட்டையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து மாற்றத்துக்கு வழிவிட்டார். குகேஷ் அதை வெட்டிவிட்டுத் தன் மந்திரியை டி5இல் வைத்தார். ஏ8 மூலையில் நின்ற டிங்கின் மந்திரிக்கு அந்த ஒரே மூலைவிட்டத்தைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே அதுவும் மாற்றப்பட்டே ஆகவேண்டியிருந்தது. எஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே. டிங்கின் ராஜா ஈ3இல் நிற்க, குகேஷின் ராஜா ஈ5இல் நேரெதிரே வந்து நின்ற 58ஆவது நகர்த்தலுடன் ஆட்டம் முடிந்தது. அடுத்து நகர வேண்டியவர் டிங்; குகேஷின் ராஜாவை இனித் தடுக்க முடியாததால் அவர் தோல்வியை ஒப்புக்கொண்டார். பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியனானார்.

சிப்பாய் குறைந்தவர் சிப்பாய்களை மாற்ற முயல வேண்டும், பெரிய காய்களை அல்ல என்ற பழைய விதியை டிங் அறியாதவர் அல்லர். ஆயினும் பல மணிநேரம் தற்காத்து ஆடியவருக்கு, பலகையில் காய்கள் குறையக் குறைய ஆபத்தும் குறைவதுபோலத் தோன்றும். பெரிய சுற்றுப்போட்டிகளின் அழுத்தத்தில் அந்தத் தோற்றம் மிக வலிமையானது.

பரந்தனிலிருந்தும் தருமபுரத்திலிருந்தும் வரும் என் மாணவர்கள் தொடக்க நகர்த்தல்களைக் கைப்பேசியிலேயே நிறையப் படித்துவிடுகிறார்கள், ஆனால் இறுதிக்கட்டத்தைத் தொடுவதில்லை. அதனால் கோட்டையை மாற்றப்போகும் எவரையும் முதலில் நிறுத்தி, இரு கோட்டைகளும் போனபின் பலகை எப்படி இருக்கும், அடுத்த நகர்த்தல் யாருடையது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறேன். பிறகு ராஜாக்களையும் சிப்பாய்களையும் மட்டும் வைத்து அந்த நிலையை இரு பக்கமும் மாறி மாறி ஆடவைக்கிறேன்.