ஆழம் குறைந்த கடலுக்கு மட் மோட்டாரா, அவுட்போர்டா? இராமநாதபுரம் கடற்கரையில் எது சரிப்படும்?

கேட்டவர் தேவிபட்டினம் பக்கம் நண்டு வலை போட 16 அடி ஃபைபர் படகு வாங்கியிருக்கிறார். சேற்றிலேயே ஓடும் மட் மோட்டாரை வீடியோவில் பார்த்திருக்கிறார். அதை வாங்கலாமா, காத்தாடி நேர் கீழே தண்ணீருக்குள் நிற்கும்படி படகின் பின்பலகையில் மாட்டுகிற வழக்கமான அவுட்போர்டு எஞ்சினே போதுமா என்பது கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு கட்டும் இடத்தில் இடுப்பளவு தண்ணீர் எப்போதும் நிற்கும் என்றால் ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைத் தண்டு) அவுட்போர்டு வாங்குங்கள். கட்டும் இடமே முழங்கால் சேறு என்றால் மட் மோட்டாரில் லாங் டெயில் என்ற வகை. மண்டபம், கீழக்கரைப் பக்கம் தீவோரமாக ஓட்டும் எண்ணம் இருந்தால் மட் மோட்டாரை மறந்துவிடுங்கள். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

எனக்குத் திருப்பாலைக்குடிக்குப் பக்கத்து ஊர். அப்பா வத்தைப் படகில் பாய் கட்டி ஓடியவர். நான் நாலு வருடம் அவுட்போர்டும் அதற்குப் பிறகு இரண்டு பருவம் லாங் டெயிலும் ஒரே படகில் வைத்து ஓட்டினேன். இப்போது மறுபடியும் அவுட்போர்டுதான்.

மட் மோட்டார் என்று வீடியோவில் காட்டுவது இரண்டு வகை. ஒன்று லாங் டெயில். தண்ணீர் பம்பில் இருப்பது போன்ற, காற்றில் குளிரும் எஞ்சின். அதிலிருந்து நேராக ஒரு நீள ஷாஃப்ட். அதன் நுனியில் காத்தாடி (புரொப்பெல்லர்). தாய்லாந்தில் எத்தனையோ காலமாக ஓடுகிறது. அமெரிக்காவில் லூசியானா சதுப்பு நிலத்துக்காரர்கள் 1970களில் அதைச் சேற்றுக்கென்று செய்து விற்க ஆரம்பித்தார்கள். நமக்கும் இது புதிதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகியபோது வால் நீண்ட டீசல் எஞ்சின்களும் கூடவே வந்தன. இன்னொரு வகை சர்ஃபேஸ் டிரைவ். ஷாஃப்ட் குட்டை, பெல்ட்டோ செயினோ வைத்துக் காத்தாடியைச் சுற்றும், வேகம் உண்டு. ஆனால் கனம் அதிகம், விலையும் அதிகம், உதிரி பாகத்துக்கு வெளிநாட்டைப் பார்த்து உட்கார வேண்டும். அதை இங்கேயே விட்டுவிடுவோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டு ஆள், வலை, ஐஸ் பெட்டியோடு 16 அடி ஃபைபர் படகு எட்டு முதல் பத்து அங்குலம் தண்ணீருக்குள் இறங்கும். அவுட்போர்டில் காத்தாடிக்கு மேலே ஒரு தட்டு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ நின்றால்தான் காத்தாடி காற்றை இழுக்காமல் தண்ணீரைப் பிடிக்கும். அப்படியானால் காத்தாடியும் அதற்குக் கீழே துருத்தும் துடுப்பும் படகின் அடிக்குக் கீழே இன்னொரு அடி ஆழத்துக்குப் போய்விடும். மொத்தம் ஏறக்குறைய இரண்டடி. தொடைத் தண்ணீர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாங் டெயிலில் கைப்பிடியை அழுத்தினால் காத்தாடி மேலே வந்து மேற்பரப்பை ஒட்டியே சுற்றும். படகு மிதக்கும் ஆழம் இருந்தால் போதும். கெண்டைக்காலுக்கு மேல், முழங்காலுக்குக் கீழ். ஆக, இரண்டு எஞ்சினுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரே ஒரு அடித் தண்ணீர். அந்த ஒரு அடி உங்கள் ஊர்க் கரையில் எத்தனை நாள் குறைகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு, நானும் தவறினேன். அவுட்போர்டு ஷாஃப்ட் 15 அங்குலத்திலும் (இதுதான் ஷார்ட் ஷாஃப்ட்) வரும், 20 அங்குலத்திலும் வரும். பழைய எஞ்சின் மலிவாகக் கிடைக்கிறது என்று 20 அங்குலத்தை வாங்கி 15 அங்குலப் பின்பலகையில் மாட்டினால், தண்ணீர் குறைந்த கடலில் ஐந்து அங்குலத்தைச் சும்மா இழக்கிறீர்கள். நான் முதலில் வாங்கியது அப்படி ஒன்றுதான். விற்றவர் "ஒண்ணும் ஆகாது" என்றார், நானும் அளந்து பார்க்கவில்லை.

நாலாவது வருடம் ஆடி மாதம். பாக் விரிகுடா நமக்குப் பெண்கடல், தென்பக்கம் மன்னார் வளைகுடா ஆண்கடல் என்று சொல்வார்கள் இல்லையா? ஆடியில் ஆண்கடல் கொந்தளிக்கும்போது நம் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். ஆனால் கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரத் தண்ணீர் இறங்கிவிடும். இங்கே ஏற்றவற்று ஒரு மீட்டர்கூடக் கிடையாது. அதனால் சந்திரனைப் பார்த்துக் கணக்குப் போட்டால் போதாது, காற்றையும் பார்க்க வேண்டும். அன்று நான் பார்க்கவில்லை. நண்டு வலையை எடுத்துக்கொண்டு மாமாவோடு திரும்பி வருகிறேன், கரைக்கு முந்நூறு மீட்டர் இருக்கும்போதே காத்தாடி சேற்றைக் கலக்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் முடுக்கினால் தாண்டிவிடலாம் என்று முடுக்கினேன். அவுட்போர்டு தன்னைக் குளிர்விக்கக் கீழிருந்துதான் தண்ணீர் உறிஞ்சும். அன்று உறிஞ்சியது சேறு. பின்னால் பீய்ச்சும் தாரை மெலிந்து நின்றது. எஞ்சினிலிருந்து சூட்டு வாடை வந்ததும் மாமா கை நீட்டி நிறுத்தினார். "மாப்ளே, இறங்கு. இனிமே நம்ம காலுதான் எஞ்சின்" என்றார். முழங்கால் புதைகிற சேற்றில் இரண்டு பேரும் படகைத் தள்ளிக்கொண்டு வந்தோம். மெக்கானிக் திறந்து பார்த்தபோது, தண்ணீரை உறிஞ்சித் தள்ளுகிற இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகள் தேய்ந்து மொட்டையாக இருந்தன.

அந்தக் கோபத்தில்தான் லாங் டெயிலுக்கு மாறினேன். அதன் நல்லதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சேற்றில் அது சிரமமே இல்லாமல் வந்தது. தண்ணீர் உறிஞ்சும் வேலையே இல்லாததால் அடைப்பு என்ற பேச்சே இல்லை. காரங்காட்டில் கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடத்து அலையாத்திக் கால்வாய் மாதிரியான குறுகலான சேற்று வழிகளுக்கு அதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடையாது. விலையும் புது அவுட்போர்டை விட ரொம்பக் குறைவு. ஹோண்டா ஜி.எக்ஸ். 200 மாதிரி எஞ்சின் என்றால் பிளக்கும் கார்புரேட்டரும் விவசாய பம்பு பழுது பார்க்கிற கடையிலேயே கிடைக்கும். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அரை லிட்டருக்குச் சற்று அதிகமாக எண்ணெய் மாற்றினால் போதும்.

ஆனால் அது உப்புத் தண்ணீருக்காகப் பிறந்த எஞ்சின் இல்லை. குளிர்விக்கும் விசிறி வெளிக்காற்றை இழுத்து எஞ்சின் மேல் ஊதும்போது கடல் தூவானமும் சேர்ந்தே உள்ளே வரும். முதல் மழைக்காலம் முடிவதற்குள் என் எஞ்சினின் சைலன்சர் ஓட்டையாகிவிட்டது, இக்னிஷன் காயில் பச்சை பூத்துவிட்டது. தினமும் ஆறவைத்து, நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்து, எண்ணெய் பூசி வைத்தேன். அப்படியும்தான் இது நடந்தது. ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் இல்லாமல் சாதா இரும்பு என்றால் வாங்கவே வாங்காதீர்கள். நுனி புஷ்ஷுக்கு கிரீஸ் அடிக்க மறந்தால் ஒரே வாரத்தில் மணல் அதைத் தின்றுவிடும்.

வேகம் குறைவு. வலை போட்ட இடத்துக்கு அவுட்போர்டில் 25 நிமிடம் என்றால் லாங் டெயிலில் எனக்கு 40 நிமிடம் ஆனது. சத்தம் காதைப் பிளக்கும். இரவில் பக்கத்துப் படகுக்காரர் கூப்பிட்டால் கேட்காது. கடலில் அது சின்ன விஷயம் இல்லை. ரிவர்ஸ் கிடையாது, கிளட்ச் வைக்காத எஞ்சினில் நியூட்ரலும் கிடையாது. கயிறு இழுத்த நொடியில் காத்தாடி சுற்ற ஆரம்பித்துவிடும். பாம்பன் பாலத்துக்கு அடியில் நீவாடு (நீரோட்டம்) இழுக்கும்போது ரிவர்ஸ் இல்லாத எஞ்சினோடு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது, படகுக்குப் பின்னால் ஆறேழு அடி தள்ளி மூடாக்கு இல்லாமல் சுற்றுகிற அந்தக் காத்தாடி. தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைச் சுற்றிக் கடலில் மக்கள் குளிக்கிறார்கள். அரியமான் கடற்கரையில் குழந்தைகள் நிற்கிறார்கள். படகைத் திருப்பும்போது அந்த வால் அரைவட்டம் அடிக்கும். மணல் திட்டில் இடித்தால் கைப்பிடி துள்ளி ஓட்டுகிறவரையே தள்ளிவிடும். ஆகவே எந்த எஞ்சின் ஆனாலும், நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் கட்டாமல் ஓட்டாதீர்கள். ஆள் விழுந்தால் எஞ்சினும் நிற்க வேண்டும்.

வலை விஷயத்தில் இரண்டும் தொல்லைதான், தொல்லையின் விதம் வேறு. லாங் டெயில் மேற்பரப்பில் சுற்றுவதால் மிதப்புக் கயிற்றைச் சுருட்டிக்கொள்ளும். ஆனால் வாலைத் தூக்கிப் படகுக்குள் வைத்து உட்கார்ந்தபடியே பிரித்துவிடலாம். அவுட்போர்டில் தங்கூசி நரம்பு காத்தாடிக்குப் பின்னால் நுழைந்து ஆயில் சீலை அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கியர் ஆயிலைத் திறந்தால் பால் மாதிரி வெள்ளையாக வரும். அதற்குள் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். ஆகவே மாதம் ஒரு தடவை காத்தாடியைக் கழற்றிப் பாருங்கள்.

அப்புறம், நான் லாங் டெயிலை விட்டதற்கு உண்மையான காரணம் இதெல்லாம் இல்லை. கடல்புல்.

நம் கடலில் ஆழம் குறைந்த இடம் எல்லாம் சேறு இல்லை. பல இடம் புல் படுகை. அவுட்போர்டு அந்தப் புல்லுக்குள் போனால் தண்ணீர்த் துளை அடைத்து எஞ்சின் சுடும், அதனால் ஓட்டுகிறவர் பயந்து விலகிவிடுவார். லாங் டெயில் விலக விடாது. புல்லை வெட்டிக்கொண்டே போகும், வேரையும் கிளறும். ஒரு நாள் தெளிந்த தண்ணீரில் திரும்பி வரும்போது காலையில் நான் போன தடத்தையே பார்த்தேன். பச்சைக்கு நடுவே வெள்ளை மணல் கோடு. பல மாதம் கழித்தும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. கடல்புல் வேர்க்கிழங்கு அறுந்தால் திரும்பப் படர வருடக்கணக்கில் ஆகும். நான் பிடிக்கிற நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் அந்தப் புல்லுக்குள்தான் வளர்கின்றன. ஆவுளியா (கடல்பசு) மேய்வதும் அதே புல்லைத்தான். அப்பா அந்த இடங்களில் பாயை இறக்கிவிட்டுக் கம்பு ஊன்றித்தான் போவார். புல்லுக்கு மேலே சத்தம் போடக்கூடாது என்பார். சின்ன வயதில் எனக்கு அது புரியவில்லை.

மன்னார் வளைகுடாப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். அங்கே 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. குருசடை, மனோலி, முயல் தீவு, அப்பா தீவு என்று எந்தத் தீவிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. தீவைச் சுற்றிப் பவளப் பார். இரண்டு எஞ்சினுக்கும் அங்கே வேலை இல்லை. முழங்கால் தண்ணீரிலும் ஓடும் என்ற நம்பிக்கையில் பாருக்கு மேல் லாங் டெயிலை விட்டால் காத்தாடியும் போகும், பவளமும் போகும்.

சரி, நீங்கள் இப்போது என்ன செய்யலாம்? பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில், தண்ணீர் நன்றாக வற்றிய நேரம் பார்த்து, படகு கட்டும் இடத்திலிருந்து கடலை நோக்கி நடந்து போங்கள். கையில் ஒரு கம்பு எடுத்துக்கொள்ளுங்கள். தொடைத் தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது, அதுவரை காலுக்குக் கீழே சேறா, மணலா, புல்லா என்று பாருங்கள். திருக்கை இருக்கும், காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடியே நடங்கள். தொடைத் தண்ணீர் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் வந்துவிட்டால் அவுட்போர்டே வாங்குங்கள். அந்த நூறு மீட்டரைக் கம்பால் ஊன்றிக் கடந்துவிடலாம். அரைக் கிலோமீட்டர் தாண்டியும் முழங்கால் சேறாகவே இருந்தால், கிளட்ச் வைத்த லாங் டெயில் வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். வழி முழுக்கப் புல் என்றால் படகு கட்டும் இடத்தை மாற்ற முடியுமா என்று ஊரில் கேட்டுப் பாருங்கள்.

என் படகில் இப்போது இருப்பது 9.9 குதிரைத்திறன், 15 அங்குல ஷாஃப்ட். தண்ணீர் குறையும் இடத்தில் ஒரு படி தூக்கிவைத்து மெதுவாக ஓட்டுகிறேன். அதற்கும் கீழே போனால் எஞ்சினை முழுக்கத் தூக்கிவிட்டு, அப்பாவின் பழைய கம்பை எடுக்கிறேன். கரை வந்ததும் நல்ல தண்ணீர் வாளியில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுகிறேன். பெட்டியில் எப்போதும் ஒரு இம்பெல்லர், இரண்டு பிளக், தங்கூசி அறுக்க ஒரு சூரிக்கத்தி. இம்பெல்லரை வருடத்துக்கு ஒருமுறை, தேயாவிட்டாலும் மாற்றிவிடுகிறேன்.