மஞ்சள் தண்ணீர் வீட்டுக்கு என்ன விலை?

வீடு, மனை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் அம்மா கட்டிய வீட்டை விற்கப் பார்க்கிறோம். போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வருகிறது. காவிரிக் குடிநீர் இணைப்புதான் இருக்கிறதே, போரைப் பற்றி வாயே திறக்காதீர்கள் என்கிறார் தரகர். விஷயம் தெரிந்த உள்ளூர்க்காரர்களோ அரசு வைத்த வழிகாட்டி மதிப்புக்கும் கீழே கேட்கிறார்கள். என்ன செய்ய?
- வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: கமிஷன் கைக்கு வந்ததும் தரகர் போய்விடுவார். பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையதம்மா. வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பெரிய குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. காவிரிக் குழாயை மட்டும் திறந்து காட்டி போர் மோட்டாரை அணைத்து வைத்தால், நாளை அது மோசடி வழக்காகலாம்.

உங்கள் ஊர்க்காரர்கள் பயப்படுவதிலும் தப்பில்லை. 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன் குரோமியக் கழிவு குவிந்து கிடந்த ஊர் அது. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ தேசிய ஆய்வக அங்கீகார வாரியத்தின் (என்ஏபிஎல்) அங்கீகாரம் பெற்ற இடத்திலோ கொடுக்கும்போது தண்ணீரை மஞ்சளாக்கக்கூடிய குரோமியத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது.

அந்த அறிக்கை உங்களுக்கே பாதுகாப்பு. வழிகாட்டி மதிப்புக்குத் தெருவும் சர்வே எண்ணும்தான் தெரியும், நிலத்தடி தெரியாது. வங்கிக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதிய காலத்தில் நானும் 'தண்ணீர் வசதி' என்ற இடத்தில் 'போர் உண்டு' என்றுதான் எழுதுவேன். தண்ணீர் என்ன நிறம் என்று எந்த மேனேஜரும் கேட்டதில்லை. குறைந்த விலைக்குப் பத்திரம் போட்டால் சரியான மதிப்பை முடிவுசெய்யச் சொல்லி சார்பதிவாளர் அதை முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் தனித்துணை ஆட்சியருக்கு அனுப்பலாம். அங்கே ஆய்வக அறிக்கைதான் பேசும்.

வருமான வரியில் இடி உங்கள் தலையில். விற்ற விலைக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், கைக்கு வராத பணத்துக்கும் மூலதன ஆதாய வரி கேட்பார்கள். வீட்டின் உண்மை மதிப்பைக் கணிக்கத் துறையின் மதிப்பீட்டு அலுவலருக்கு அனுப்பும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆடிட்டரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

எவ்வளவு குறைப்பது? ஆர்ஓ மெஷின், லாரித் தண்ணீர், கூடுதல் தொட்டி என்று செலவைக் கூட்டிவிடலாம். 'நாளைக்கு நான் விற்கப் போனால் யார் வாங்குவார்?' என்ற பயத்துக்குத்தான் கணக்கில்லை. பேரம் முழுக்க அதில்தான் நடக்கும். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்கள் பக்கத்துத் தோல் ஆலை வழக்கில்தான். ஆனால் இழப்பீடு வரும் என்று நம்பி விலை பேசாதீர்கள்.

கேள்வி: சென்னை கொடுங்கையூர் குப்பைமேட்டை பயோமைனிங் செய்து, அதாவது தோண்டிப் பிரித்து அகற்றுகிறார்களே, இப்போதே ஃப்ளாட் வாங்கிப் போடலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: குடியிருக்கவா, லாபத்துக்கா? குப்பை போனால் நாற்றம் போகும், விலையும் நகரும். மண்ணுக்குள் இறங்கிய கழிவுநீர் அவ்வளவு சீக்கிரம் போகாது. குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025-ல் அங்கே மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றதையும் கணக்கில் வையுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓர் இரவு அந்தத் தெருவில் நின்று பாருங்கள்; பில்டர் காட்டும் மாடல் ஃப்ளாட்டில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்.