சாராவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே! ஹேங்கிங் ராக் கேள்வி பதில்

ஜோன் லிண்ட்சே 1967இல் எழுதிய 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' நாவலைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளி. 1900ஆம் ஆண்டு காதலர் தினத்தன்று ஹேங்கிங் ராக் என்ற பாறைக்கு உல்லாசப் பயணம் போன இடத்தில் மிராண்டா, இர்மா உட்பட மூன்று மாணவிகளும் கணக்கு டீச்சரும் காணாமல் போகிறார்கள். கதையைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது. படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

அக்கா, இது உண்மைக் கதையா?

இல்லை. உண்மையா கற்பனையா என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என முன்னுரையில் விட்டுவிட்டார் லிண்ட்சே. குழப்பம் அங்கே பிறந்ததுதான். நாவலில் அந்த பிப்ரவரி 14 சனிக்கிழமை. 1900 காலண்டரில் அது புதன்கிழமை. பாறை மட்டும் நிஜம். மெல்போர்னிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்.

முதலில் படம் பார்க்கலாமா?

புத்தகம் முதலில். பீட்டர் வியரின் 1975 படம் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதைப் பார்த்தபின் படித்தால் அந்த முகங்களைத்தான் படிப்பீர்கள்.

துப்பு ஏதாவது விட்டுவைத்திருக்கிறாரா?

நிறைய. பாறையடியில் வண்டிக்காரரின் கடிகாரமும் டீச்சரின் கடிகாரமும் 12 மணிக்கு நின்றுபோகின்றன. ஒரு வாரம் கழித்து இர்மா மட்டும் உயிரோடு கிடைக்கிறாள். வெறுங்கால், ஆனால் பாதத்தில் ஒரு கீறல் இல்லை. உள்ளே இடுப்பை இறுக்கிக் கட்டியிருந்த கார்செட் என்ற உள்ளாடையைக் காணோம். அந்தக் கார்செட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

18ஆவது அத்தியாயத்தில் விடை இருக்கிறதாமே?

இருக்கிறது. பதிப்பகத்தின் யோசனைப்படி அதை நீக்கித்தான் நாவல் வெளிவந்தது. லிண்ட்சே 1984இல் காலமானார். 1987இல் அந்த அத்தியாயம் தனியாக அச்சானது. முதல் வாசிப்பில் தயவுசெய்து தொடாதீர்கள்.

(கோவை வாசகர்) ஆசிரியரே எழுதிய முடிவை ஒளித்து வைப்பது வாசகரை ஏமாற்றுவது. விடையில்லாமல் என்ன துப்பறியும் கதை?

குற்றவாளி யாரென்று கடைசியில் சொல்லிவிடுவேன் என வாக்குக் கொடுத்த கதைக்கு உங்கள் வாதம் பொருந்தும். இந்த நாவல் அப்படி வாக்குக் கொடுக்கவே இல்லை. அவர்கள் காணாமல் போவது மூன்றாம் அத்தியாயத்தோடு சரி. மீதி 14 அத்தியாயமும் தேடலையும் பள்ளி சரிவதையும்தான் சொல்கின்றன. பெற்றோர் பிள்ளைகளை அழைத்துப் போகிறார்கள், வேலையாட்கள் விலகுகிறார்கள், தலைமையாசிரியை மிஸஸ் ஆப்பிள்யார்ட் பிராந்தியில் விழுகிறார்.

(கோவை வாசகர் மறுபடியும்) அவரே எழுதியதுதானே?

எழுதியவரும் அவரே, அது இல்லாமல் அச்சிடச் சம்மதித்தவரும் அவரே. 18ஐப் படித்தபின் கார்செட் எங்கே போனது என்று தெரியும். அந்தப் பாறையின் மேல் இருந்த பயம் போய்விடும். எனக்குப் போய்விட்டது. அந்த வருத்தத்தில்தான் எல்லோரையும் தடுக்கிறேன்.

நிஜமாகவே நடந்ததாமே? பழைய பேப்பர் செய்திகூட இருக்கிறதாம்.

மேலே சொல்லிவிட்டேன். அந்தப் பேப்பர் செய்தி நாவலின் கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் எழுதியது.

மிராண்டா எங்கே போயிருப்பாள்?

இந்தக் கேள்வி இன்று நான்காவது முறை. 18ஆவது அத்தியாயம் பற்றிய பதிலைப் பாருங்கள்.

(9ஆம் வகுப்பு, விடுதி மாணவி) சாராவுக்கு ஏன் யாருமே உதவவில்லை அக்கா?

இதற்குத்தான் காத்திருந்தேன், கண்ணு. சாரா அந்தப் பள்ளியில் படிக்கும் அனாதை. ஒரு கவிதையை மனப்பாடம் செய்யாததால் அவளைப் பயணத்துக்கே கூட்டிப்போகவில்லை. மிராண்டாதான் அவளுக்கு இருந்த ஒரே துணை. அவளும் திரும்பி வரவில்லை. கார்டியன் ஃபீஸ் கட்டவில்லை என்று டிராயிங் வகுப்பு நிற்கிறது. கடைசியில் கோபுரத்தின் அடியில், ஹைட்ரேஞ்சியா செடிகளுக்கு நடுவில் தோட்டக்காரர் அவள் உடலைப் பார்க்கிறார்.

உதவக்கூடிய அண்ணன் பக்கத்திலேயே இருந்தான். பாறையில் தேடப்போன ஆல்பர்ட்தான் அவன், வேறொரு வீட்டில் வண்டி ஓட்டுபவன். தங்கை எந்தப் பள்ளியில் இருக்கிறாள் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இர்மா விடைபெற வரும் காட்சியை இன்னொரு முறை படித்துப் பார். உடற்பயிற்சிக் கூடத்தில் மாணவிகள் அவளைச் சூழ்ந்துகொண்டு "மற்றவர்கள் எங்கே, சொல்" என்று கத்துகிறார்கள், பிடித்து உலுக்குகிறார்கள். அதே கூடத்தில், கூன் நிமிர என்று ஒரு பலகையில் வாரால் கட்டப்பட்டுக் கிடக்கிறாள் சாரா. கூச்சல் அடங்கி எல்லோரும் போனபிறகுதான் பிரெஞ்சு டீச்சர் அவளைப் பார்த்து வாரை அவிழ்க்கிறார்.