சுகாதார நிலையத்துக்கு வரும் பணம் யார் கையில் இருக்கிறது?

பொதுச் சுகாதாரத் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து, பகுதி செவிலியராகி, வட்டார அளவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அரசு தரும் நிதி, அங்கே வரும் ஏழை மக்களுக்குக் கிடைக்க வேண்டியவை, இவற்றைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன். பாதிப் பேர் கொசுவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கொசுவை இன்னொரு நாள் பார்த்துக்கொள்வோம்.

அக்கா, எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருஷத்துக்கு எவ்வளவு பணம் வருகிறது? டாக்டரிடம் கேட்டால் "அப்படி ஒன்றும் வருவதில்லை" என்கிறார். (இளைஞர், சிவகங்கை மாவட்டம்)

டாக்டர் பொய் சொல்லவில்லை தம்பி, முழுசாகவும் சொல்லவில்லை. சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. மருந்து பணமாக வருவதே இல்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்திருக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் எழுதிய தொகைக்குள் மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்பது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் வழியாக, 60 பங்கு மத்திய அரசும் 40 பங்கு மாநில அரசும் போட்டுத் தரும் பணம். 2005-ல் அந்தத் திட்டம் வந்த பிறகு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வகுத்த கணக்கு இது: கட்டுப்பாடில்லாத நிதி 25,000, பராமரிப்புக்கு 50,000, நோயாளர் நலச் சங்கத்துக்கு 1 லட்சம். ஆக 1.75 லட்சம். பிற்பாடு மூன்றையும் ஒன்றாக்கி, நோயாளிகள் வரத்தையும் போன வருஷச் செலவையும் பார்த்துக் கூட்டியோ குறைத்தோ கொடுக்க ஆரம்பித்தார்கள்.

சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது விதி. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஆறு ரூபாய்கூட வரவில்லை. டாக்டர் "ஒன்றும் வருவதில்லை" என்று சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் நிலையத்தின் வங்கிக் கணக்கிலேயே பணம் வந்து உட்காரும். 2021-க்குப் பிறகு மாநில அளவில் ஒரே கணக்கு. நிலையத்தின் கணக்கில் இருப்பு பூஜ்யம், இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற வரம்பு மட்டும் வரும். கையில் இருப்பாகப் பார்க்க முடியாததை "வந்தது" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

அந்த 1.75 லட்சத்தில் எதை வாங்கலாம், யார் முடிவு செய்வது? எங்கள் ஊரில் உட்கார பெஞ்ச்கூட இல்லை. (குடும்பத் தலைவி, கடலூர்)

பெஞ்ச் வாங்கலாம். குடிநீர், கழிப்பறைக் கதவு, பல்பு, ஜன்னல் திரை, குழாய் ரிப்பேர், கூடுதல் துப்புரவு, அவசரத்துக்கு ஒரு ஏழை நோயாளியின் வண்டிச் செலவு, எல்லாமே இதில் அடங்கும். சம்பளம் கொடுக்கக் கூடாது, கார் வாங்கக் கூடாது, விளம்பரத்துக்கும் விழாவுக்கும் தொடக் கூடாது.

முடிவு செய்ய வேண்டியது நோயாளர் நலச் சங்கம். மருத்துவ அலுவலரோடு உள்ளூர்ப் பிரதிநிதிகளும் அதில் இருப்பார்கள். கூட்டம் நடந்ததாக மினிட்ஸ் நோட்டில் கையெழுத்து இருக்கும். கூட்டம் நடந்ததா என்பது வேறு கேள்வி. நான் பார்த்த ஒரு நிலையத்தில் நோட்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிவந்தது. அப்படிச் சுற்றி வந்த வருஷம் சுவருக்கு இரண்டாவது தடவை பெயின்ட் அடித்தார்கள். பிரசவ வார்டில் வெந்நீர் இல்லை.

அதனால் மார்ச்சில் போய்ச் சண்டை போடாதீர்கள். மார்ச்சில் எல்லோரும் கணக்கு முடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள், கண்ணில் பட்டதை வாங்குவார்கள். ஜூன், ஜூலையில் பெஞ்ச், குடிநீர் என்று இரண்டே இரண்டு தேவையை எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு ஒரு மனு. "சென்ற நிதியாண்டில் நோயாளர் நலச் சங்க நிதியின் வரவு செலவு, கூட்டத் தீர்மானங்களின் நகல்" என்று கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். அனுபவத்தில் சொல்கிறேன், பல இடங்களில் மனு போன வாரமே பெஞ்ச் வந்துவிடும்.

வணக்கம் அம்மா. நான் வார்டு உறுப்பினர். கிராம சுகாதாரக் குழுவுக்கு 10,000 ரூபாய் வருகிறது என்கிறார்கள். அதை வைத்து என்ன செய்ய முடியும்? (விருதுநகர் மாவட்டம்)

நிறையச் செய்யலாம். இது எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று பெயர். ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து கணக்கு வைத்திருப்பார்கள். ஊருக்கு வருஷத்துக்கு 10,000 வரை. முதல் தடவை அந்தப் பணம் வந்தபோது, தலைவரோடு ஒரே டிவிஎஸ் 50-யில் பேங்குக்குப் போனேன். அவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்: "ஏம்மா, இதுக்கு பில்லு எப்படிம்மா வைப்பாங்க?" எனக்கும் தெரியாது. கட்டுப்பாடில்லாத நிதி என்று மேலே எழுதியிருந்தது. கட்டுப்பாடே இல்லாத பணத்தைக் கண்டால் அரசு ஊழியருக்குக் கை நடுங்கும். தணிக்கை வந்தால் யார் பதில் சொல்வது?

அந்த வருஷம் குளோரின் வாங்கினோம், மேல்நிலைத் தொட்டியைக் கழுவினோம். மிச்சம் 3,000 ரூபாய் இருந்தது. அதைத் தொடாமல் வைத்திருப்போம் என்று தலைவர் சொன்னார். அப்போது 108 வண்டி வரவில்லை, 2008-ல்தான் வந்தது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, ஊர்க் கடைசியில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. புருஷன் கேரளாவில். ஆட்டோக்காரர் 400 ரூபாய் கேட்டார், வீட்டில் நாற்பது ரூபாய்கூட இல்லை. அந்த 3,000-லிருந்து கொடுத்தோம். ரசீதாக ஆட்டோக்காரர் ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்ததைக் கோப்பில் ஒட்டினேன். தணிக்கையில் அந்தத் தாளை மூன்று தடவை திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். ஏழை நோயாளியின் பயணச் செலவு அனுமதித்த செலவுதான்.

உங்களுக்கு என் யோசனை: முழுவதையும் பிளீச்சிங் பவுடருக்கே போட்டு முடித்துவிடாதீர்கள். துப்புரவுக்கு ஊராட்சிப் பணம் தனியாக இருக்கிறது. கிராம சபையில் கணக்கை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்க வேண்டும், அதில் ஒன்றில் படித்தாலும் போதும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி எனக்கு முதல் தவணை வந்தது, குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியும் அடுத்தது வரவில்லை. யாரிடம் கேட்பது? (தருமபுரி)

முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம். உங்கள் தாய் சேய் பதிவு எண்ணை, பிக்மி எண் என்போமே, அதை வைத்து எங்கே நிற்கிறது என்று அவர்தான் பார்க்க முடியும். 2024 ஏப்ரலிலிருந்து ரொக்கம் 14,000 மூன்று தவணை: கர்ப்பத்தின் நாலாம் மாதத்தில் 6,000, குழந்தை பிறந்து நாலாம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. ஊட்டச்சத்துப் பெட்டகங்களோடு சேர்த்து 18,000 என்பது கணக்கு. 19 வயது முடிந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்.

பணம் நிற்பதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் வங்கிக் கணக்குதான். ஆதார் வழியாக வரும் பணம், நீங்கள் கொடுத்த பாஸ்புக்கைப் பார்க்காது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அங்கே போய்விடும். மகளிர் குழுக் கடனுக்காக வேறு வங்கியில் ஒரு கணக்கு தொடங்கியிருப்பீர்கள், மறந்தே போயிருக்கும். அந்தக் கணக்கில் போய்ப் பாருங்கள். இரண்டு பேருக்கு இப்படித் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிரசவத்துக்குப் போனால் ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களே. இது அரசு கட்டணமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

இல்லை. ஒரு பைசா கட்டணம் கிடையாது. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், போக வர வண்டி எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை சாப்பாடும் உண்டு. யாராவது காசு கேட்டால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ஊருக்குப் போன பிறகு பேசுவதைவிட வார்டில் இருக்கும்போதே பேசினால் பலன் அதிகம். "சந்தோஷத்துக்குக் கொடுத்தேன்" என்று சொல்லி இதை வளர்த்துவிட்டதில் நம் பங்கும் இருக்கிறது.

முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்களா? (பெரியவர், தஞ்சாவூர்)

அட்டையே வேண்டாம் ஐயா. ரேஷன் கார்டும் வேண்டாம், நேராகப் போங்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்த கட்டடத் தொழிலாளிக்கும் இதேதான்.

காப்பீட்டு அட்டை மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் பெரிய சிகிச்சைக்கு. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. தினசரி பிரஷர் மாத்திரைக்கு அது உதவாது. வேடிக்கை என்னவென்றால், 5 லட்சத்து அட்டையைப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, சுகாதார நிலையத்தில் சும்மா கிடைக்கிற மாத்திரையை மெடிக்கலில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பனியன் கம்பெனியில் வேலை. பகலில் போனால் அரை நாள் சம்பளம் போய்விடும். சாயங்காலம் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதா? (திருப்பூர்)

இருக்கிறது. நகர்ப்புற நலவாழ்வு மையம் என்று கேளுங்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. ஒரு டாக்டர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர். தமிழ்நாட்டுக்கு 708 என்று ஒதுக்கி, அதில் 500 மையங்களை 2023 ஜூனில் ஒரே நாளில் திறந்தார்கள்.

இதன் பணம் வேறு வழியாக வந்தது. 15-வது நிதிக் குழு 2021-22 முதல் 2025-26 வரை ஐந்து வருஷத்துக்கு, உள்ளாட்சிகளின் வழியாகச் சுகாதாரத்துக்கு என்றே 70,051 கோடி ஒதுக்கியது, நாடு முழுமைக்கும். அதில் 26,123 கோடி நகரங்களுக்கு. கிராமத்தில் வீட்டு வாசலுக்கு செவிலியர் வருவார். நகரத்துக் கூலித் தொழிலாளியின் வாசலுக்கு யாரும் வந்ததில்லை. அதனால் இந்த ஒதுக்கீட்டை நான் மனசாரப் பாராட்டுவேன்.

எங்கள் துணை சுகாதார நிலையம் இடிந்து விழும் நிலையில் இருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு மனு போட்டுப் போட்டு ஓய்ந்துவிட்டோம். (ராமநாதபுரம்)

மனுவில் என்ன எழுதினீர்கள்? "கட்டடம் வேண்டும்" என்றா? அடுத்த தடவை "இடம் தருகிறோம்" என்று எழுதுங்கள். பல ஊர்களில் பணம் ஒதுக்கிய பிறகு இடம் இல்லாமல் பக்கத்து ஊருக்குக் கட்டடம் போயிருக்கிறது. சர்வே எண்ணோடு ஊராட்சித் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்ட சுகாதார அலுவலருக்கும் ஆட்சியருக்கும் கொடுங்கள். நிதிக் குழு மானியம், நலவாழ்வுக் குழுமம், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி என்று கேட்க மூன்று நாலு கதவுகள் உண்டு. இடத்தைச் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் காட்டாதீர்கள். எங்கள் வட்டாரத்தில் காட்டினார்கள். கட்டியும் கொடுத்தார்கள். ராத்திரிப் பிரசவத்துக்கு ஒருத்தியும் வரவில்லை.

மலையில் இருக்கிறோம். நிறைமாதத்தில் இறங்கி வருவதே பெரும்பாடு. (ஆசிரியை, ஜவ்வாது மலை)

மலைப் பகுதி நிலையங்கள் சிலவற்றில் பிரசவ காத்திருப்பு அறை இருக்கிறது டீச்சர். தேதிக்கு முன்னாடியே வந்து, கூட ஒருவரை வைத்துக்கொண்டு தங்கலாம். பெண்கள் தங்க மறுப்பது ஆடு மாட்டையும் மூத்த பிள்ளையையும் யார் பார்ப்பது என்றுதான். மூத்த பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லிச் செவிலியரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

அப்பாவுக்கு டிபி. தனியாரில் பார்க்கிறோம். சத்துணவுப் பணம் எங்களுக்கு உண்டா? (வேலூர்)

உண்டு. தனியார் டாக்டர் நோயை அரசுப் பதிவில் ஏற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000. நோய் உறுதியானதும் 3,000, சிகிச்சை 84 நாள் முடிந்ததும் 3,000 என்று கணக்கில் வரும். முட்டையும் பருப்பும் வாங்கத்தான் அது, வட்டி கட்ட இல்லை. சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. இரண்டு மாதமாக வரவில்லை. (கரூர்)

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம், நல்ல திட்டம். ஆனால் மாத்திரை கொண்டு வரும் பெண் தன்னார்வலர் வேலையை விட்டுப் போனால், அடுத்தவள் வரும்வரை அந்தத் தெருவே விட்டுப்போகும். காத்திருக்க வேண்டாம். துணை சுகாதார நிலையத்துக்கு நீங்களே போய்ப் பெயரை மறுபடி பதிவு செய்யுங்கள், பாட்டி வர வேண்டியதில்லை. போகும்போது பழைய மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். "சின்னதா, வெள்ளையா இருக்கும்" என்று சொல்லிக் கேட்காதீர்கள். அங்கே இருப்பதில் முக்கால்வாசி சின்னதாக, வெள்ளையாகத்தான் இருக்கும்.